சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது ஒரு வெள்ளைக் கோட்டு கிடைத்தது. அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் வெள்ளையாக எதையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. போக முடியாது. கிள்ளானைத் தாண்டி, லங்காட் ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்தாள், படிக்க வைத்தாள். படிப்பு முடிந்து, எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் ஒரு சின்னத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தொழிற்சாலைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அனுப்பும் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பஸ் மாறித் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கோட்டையும் பையில் சுருட்டி எடுத்துப் போவேன், துவைக்க. ஏன், பிரிக்பீல்ட்ஸில் தண்ணீர் இல்லையா என்று கேட்காதீர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளின் முன்னால் கட்டியிருந்த கொடியில் அது காய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா அதற்குக் கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுப்பாள். "லேப் டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று கேலி செய்வாள். கேலிக்குள் இருந்த பெருமை எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தலைக்கனம் ஏற அது போதுமானதாக இருந்தது.

அக்கா உரம் போடும் கேங்கில் இருந்தாள். காலையில் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டு, உர வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு செம்பனையையும் சுற்றி வெள்ளை வெள்ளையாக உரத்தை வீச வேண்டும். வீசிய கையோடு மழை பிடித்துக்கொண்டால் பாதி உரம் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலிச் சாக்குகளை, கேங்கை மேய்க்கும் மண்டோரிடம் திருப்பித் தர வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பெண்கள் மூட்டையோடு வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் போட்ட உரத்துக்குச் சாட்சி காலிச் சாக்கு. அப்படியே கொடுத்தாலும் வாங்க மாட்டார். அலசி, காயவைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். கிழிந்த சாக்கு மட்டும் எங்களுக்கு. அதைப் பிரித்துத் தைத்துப் பாயாக்குவோம், குளிக்கும் இடத்துக்கு மறைப்பாகக் கட்டுவோம்.

சாக்கு அலசுவது லயத்துக் கடைசியில் இருந்த கிணற்றடியில். அக்கா வீட்டுக்கு அடுத்தாற்போல்தான் கிணறு. ஓடை தூரம், அங்கே அட்டை வேறு. கிணற்றடியில் போட்டிருந்த சிமெண்டு எப்போதோ வெடித்துப் போயிருந்தது. சாக்கு அலசிய தண்ணீர் அந்த வெடிப்பு வழியே மெல்ல உள்ளே இறங்கும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் எத்தனையோ சாக்கு அலசியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் ஓடிய இடத்தில் அக்கா கீரை போட்டிருந்தாள். ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக வளரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வயிறெரிவார்கள். "எல்லாம் கைராசி" என்பாள் அக்கா.

ஓடையும் அப்படித்தான். உரம் போட்டு மழையும் பெய்த வாரங்களில் அது பச்சைப் பெயிண்டு கரைத்தது போலாகிவிடும். அதன்மேல் ஆகாயத்தாமரை மண்டும். பிறகு ஒருநாள் விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "மீன் ஏறுது!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், லயமே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும். தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம், கையாலேயே அள்ளலாம். எங்களுக்கு அது கொண்டாட்டம். மஞ்சள் தடவிப் பொரித்துத் தின்றோம். அந்த மீன்கள் ஏன் மூச்சு முட்டிச் சாகின்றன என்று ஒருநாள்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. வாரத்துக்கு ஆறு நாள் தண்ணீரைச் சோதிக்கிறவள் நான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. தோட்டத்து லோரி ஓட்டும் மாமா, அக்கா வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனிதர். அவரே அன்று வீடு வீடாகப் போய்க் கேசரி கொடுத்தார். நான் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு ரோஸ் கவுன் வாங்கினேன். ஒரு வயதுக் குழந்தைக்கான கவுன். கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. அதைப் போட்டால் குழந்தை கவுனுக்குள் காணாமல் போய்விடும் என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வளர்ந்த பிறகு போடலாம் என்று பெட்டியில் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் அக்கா மறுபடி கேங்குக்குப் போக வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டாய் தோட்டத்தில் இருந்தது. அங்கே குழந்தையை விட்டுவிட்டு, கூடவே பால்மாவு கலந்த பாட்டில்களையும் கொடுத்துவிட்டுப் போவாள். குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் வரும். அதுவும் செம்மண் கலரில். கிணற்றுத் தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். குழந்தைக்குப் பால் கலக்க எதை எடுப்பாள்? மற்ற தாய்மார்களில் பாதிப் பேர் தாய்ப்பால் கொடுத்தார்கள். மீதிப் பேர் கிணறு தூரமென்று குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தார்கள். கிணறு பக்கத்திலேயே இருந்த அதிர்ஷ்டம் அக்காவுக்கு.

வெள்ளைக் கோட்டுக்காரி சும்மா இருப்பேனா? ஒரு சுத்தமான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துப் போய் லேப்பில் சோதித்தேன். கிருமி இருந்தது. எந்தக் கிணற்றில் இல்லை? அடுத்த சனிக்கிழமை வந்து, அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தேன்.

"கொதி வந்ததும் எறக்கிடாதக்கா. அரை மணி நேரமாச்சும் நல்லா கொதிக்கணும். அப்பதான் எல்லாம் சாகும்."

"அரை மணியா? வெறகு எங்கடி போறது?"

"வெறகு முக்கியமா, பாப்பா முக்கியமா?"

அதோடு அவள் விறகுக் கணக்கை விட்டுவிட்டாள். நான் சொன்னது அரை மணி. அவளுக்கு அது போதவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பானையை அடுப்பில் ஏற்றிவிடுவாள். சமையல் முடிந்து தணல் ஆறும்வரை அது அங்கேயே கிடந்து கொதிக்கும். பாயசத்துக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவது போல, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினாள். நிறைபானை அரைப்பானையாகும். ஒருமுறை அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி என்னிடம் காட்டினாள். "பாரு, அழுக்கெல்லாம் அடியில நின்னுடுச்சு." நான் பார்த்தேன். கெட்டிக்காரி என்று பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த சமயத்தில் உதடு நிறம் மாறத் தொடங்கியது. நாவல்பழம் தின்ற வாய் மாதிரி. நகக்கண்களும் அப்படித்தான். அழுதால் இன்னும் கறுக்கும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஆயா மிளகாய் சுற்றிப் போட்டார். தோட்டத்து கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் கோளாறு இருக்கலாம், அடுத்த வாரம் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் மட்டும் வேறு கணக்குப் போட்டேன்.

"தண்ணிய ஒழுங்கா காய்ச்சுறியா இல்லையா? ஏமாத்துறியா? கிருமி போகலன்னா புள்ளைக்கு இப்படித்தான் ஆவும்" என்று கத்தினேன். லயத்துக்கே கேட்டிருக்கும். அக்கா பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது மூத்தவள், எனக்குத் தலைவாரிவிட்டவள், என் முன்னால் தப்பு செய்த சின்னப்பிள்ளையைப் போல் நின்றாள்.

அந்த வாரமே புதன்கிழமை லேப்புக்குப் போன் வந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பேசினார். குழந்தையைக் கிள்ளானுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றார். டாக்சி பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் துவாலை சுற்றிய பால் பாட்டில். மாமா சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அவசரத்தில் நான் கோட்டைக் கழற்ற மறந்து ஓடி வந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இளம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் ஏதோ மருத்துவம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கமாகப் பேசினார். எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை, கோப்பி நிறத்தில் இருந்தது என்றார். மருந்து ஏற்றினோம், ஆனால் கொண்டுவந்தது மிகவும் தாமதம் என்றார். கிணற்றுத் தண்ணீரா கொடுத்தார்கள் என்று கேட்டார். உரத்தில் இருக்கும் நைட்ரேட் தண்ணீரில் இறங்கினால் பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, சில மாதக் குழந்தையின் இரத்தம்தான் அதைத் தாங்காது, மூச்சு இழுத்தாலும் உடம்புக்குப் போய்ச் சேராது என்றார். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். கடைசியாக, பெற்றவர்களுக்கு நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அக்காவுக்குச் சேர வேண்டிய செய்தி அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தேன். ஒன்று கிணற்றிலிருந்து. இன்னொன்று அக்காவின் பானையில் மிச்சமிருந்தது. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

எங்கள் லேப்பில் நான் கிருமிப் பிரிவு. ரசாயனப் பிரிவு அடுத்த அறை. என் மேசையிலிருந்து எழுந்து பத்தடி நடந்தால் போதும். முதல் முறை கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தபோது அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. அங்கிருந்த மூத்த சீனப் பெண்மணி இரண்டு பாட்டிலையும் வாங்கிச் சோதித்தார். நைட்ரேட் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். கிணற்றுத் தண்ணீர் நல்ல மஞ்சளாக மாறியது. பானைத் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு அடர்த்தி. இரண்டு சோதனைக் குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். காய்ச்சியது என்றேன்.

"ஐயோ, காய்ச்சினா தண்ணிதான லா ஆவியாப் போவும், இது எங்க போவும்?" என்றார், மலாயிலும் ஆங்கிலத்திலுமாக. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பா போகிறது என்று சிரித்தார். அது யார் வீட்டுப் பானை என்று அவருக்குத் தெரியாது. யெஸ் மேடம் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு சில மாதம் எனக்குப் பைத்தியம் பிடித்தது போலத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டில்களோடு அலைந்தேன். வாய்க்கால், ஓடை, ஓடை போய்ச் சேரும் ஆறு, ரோட்டுப் பாலத்துக்குக் கீழே, அதற்கும் கீழே. எங்கே பிடித்தாலும் கொஞ்சமாவது மஞ்சள் ஏறியது. எங்கள் தோட்டம் மட்டுமில்லை. மேலே இன்னும் எத்தனை தோட்டங்கள், பன்றிப் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள். எல்லாருடைய மிச்சமும் அந்த ஆற்றில்தான். ஆறு அதை வாங்கிக்கொண்டு பச்சை பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிக் கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். சாக்குகளை அன்றுமுதல் லோரியில் ஏற்றி ஓடைக்குக் கொண்டுபோய் அலசினார்கள். ஓடைக்குக் கீழே ஒரு மலாய்க் கம்பம், சின்னக் கிராமம், இருந்தது, அந்தப் பிள்ளைகள் குளிப்பது அந்தத் தண்ணீரில். என் கடிதத்தால் நடந்தது அவ்வளவுதான்.

கிணற்றில் கிருமி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அக்காவிடம் சொல்ல ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போவேன், அவள் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிடுவேன். அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்தான். வெள்ளைக் கோட்டைத் தோட்டத்துக்கு எடுத்துப்போவதை மட்டும் நிறுத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு ஒரு மகன் பிறந்தான். அதற்குள் நல்ல குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. அவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். தொண்ணூறுகளில் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். அக்கா கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபோனாள்.

குழந்தை போய்ப் பதினோரு வருஷமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்து வீட்டு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அக்கா நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டே அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணிய நல்லா காய்ச்சும்மா. என் தங்கச்சி லேப்ல இருக்கு, அது சொல்லிருக்கு. இதுல மட்டும் அலட்சியமா இருக்கக்கூடாது." அந்தப் பெண் என்னை மரியாதையாகப் பார்த்தாள். எனக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, நம்ம பாப்பா கிருமியால போகல."

அவள் கை நின்றது. நான் நிறுத்தாமல் சொன்னேன். சாக்கு அலசியது, அது கிணற்றில் இறங்கியது, டாக்டர் சொன்னது, மஞ்சள் நிறம், எல்லாம். "காய்ச்சக் காய்ச்ச அது கூடிக்கிட்டே போவும்க்கா. நான்தான் காய்ச்சச் சொன்னேன். நான்தான் உன்ன திட்டித் திட்டிக் காய்ச்ச வச்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் வேறு எதையோ கேட்டாள்.

"அப்ப காய்ச்சாத தண்ணி?"

"அது இந்த அளவுக்கு மோசமில்ல."

"ஒரே ஒரு பாட்டில், காய்ச்சாம குடுத்தா?"

"அதனால ஒண்ணும் ஆகியிருக்காது. ஏன் கேக்குற?"

அவள் நெத்திலித் தட்டைக் கீழே வைத்தாள். "முந்துன நாளேர்ந்து மழைடி, பானையில பழைய தண்ணி அடியில கொஞ்சந்தான் கெடந்துச்சு. வெறகு பத்தல. பெரட்டுக்கு நேரமாச்சு. பச்சத் தண்ணியிலயே மாவக் கலக்கி ஆயாகிட்ட குடுத்துட்டு ஓடிட்டேன். அன்னைக்கே போயிடுச்சு. உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது. நீ பானையிலேர்ந்து தண்ணி புடிச்சிட்டுப் போனல்ல, அன்னைக்கு எனக்கு உசுரே இல்ல. லேப்ல கண்டுபுடிச்சிருவே, வந்து கேப்பேன்னு நெனச்சேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ கேக்கப்போறேன்னே நெனச்சேன்."

அவளே மறுபடி கேட்டாள்.

"அப்ப நான் கொல்லலையா?"

"இல்லக்கா. நீ இல்ல."

அவள் முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நான் தொடப்போனேன், கையைத் தட்டிவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"பயமா இருந்துச்சுக்கா."

"பின்னால பொறந்த தம்பிக்கு நான் ஒரு நாள்கூட பால் கலந்து குடுத்ததில்லடி. அவங்கப்பா கலக்குவாரு, இல்ல பக்கத்து வீட்ல குடுத்துக் கலக்கச் சொல்லுவேன். என் கை பட்டா செத்துருவான்னு பயம். அவன் பசியில கத்துவான், நான் காதப் பொத்திக்கிட்டு வெளிய நிப்பேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவனையாச்சும் தூக்கிவச்சு ஊட்டியிருப்பேன்ல?"

மகன் அப்போது கீழே திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்பது வயது. அவனை மறுபடி கைக்குழந்தையாக்கி அவள் மடியில் போட என்னால் முடியாது.